வாசகர் கேள்வி: ஆர்.சி. கார் பாடியின் பெயின்ட்டைக் காப்பது எப்படி?

கேள்வி: என் மகனின் 1/10 அளவு ஆர்.சி. காருக்கு (ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் மாடல் கார்), கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் பாடி ஒன்றை வாங்கி, ஹார்டுவேர் கடையில் கிடைத்த சிவப்பு ஸ்ப்ரேயை வெளிப்பக்கம் அடித்தேன். கார் இரண்டு முறை கவிழ்ந்ததும் பெயின்ட் பூண்டுத் தோல் போல உரிந்துவிட்டது. மேலே வார்னிஷ் அடித்தால் நிற்குமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நிற்காது. வார்னிஷ் பெயின்ட்டைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெயின்ட்டே பிளாஸ்டிக்கைப் பிடிக்காதபோது இரண்டும் சேர்ந்தே உரிந்து வரும்.

நீங்கள் வாங்கியது பாலிகார்பனேட் பாடி. லெக்சான் என்ற வணிகப் பெயரில்தான் பலரும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். சூடாக்கிய தகட்டை அச்சின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி வடிவமைக்கப்படும் இந்த பாடி பெரும்பாலும் 0.75 மில்லிமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். சுவரில் மோதினால் உடையாமல் வளைந்து, பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்புவதே இதன் சிறப்பு. அப்படி வளையும்போது பெயின்ட்டும் கூடவே வளைய வேண்டும். கடினமாகக் காயும் சாதாரண ஸ்ப்ரேயால் அது முடியாது. பாலிகார்பனேட்டுக்கென்றே தயாரிக்கப்படும் பெயின்ட், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து அதில் வேர்விட்டது போலப் பற்றிக்கொள்வதோடு, காய்ந்த பின்பும் நெகிழ்வாக இருக்கும். தாமியா நிறுவனத்தின் ஸ்ப்ரேக்களில் பி.எஸ். என்ற எழுத்துகளோடு வருபவை இந்த வகை, டி.எஸ். என்று தொடங்குபவை கெட்டியான ஏ.பி.எஸ். மற்றும் பாலிஸ்டைரீன் பாடிகளுக்கானவை. டப்பாவின் தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், பலர் மாற்றி வாங்கி ஏமாறுகிறார்கள்.

பெயின்ட்டை அடிக்க வேண்டிய இடம் உள்பக்கம். அப்போது கல்லும் மண்ணும் உரசுவது பிளாஸ்டிக்கின் மேல்தான். அந்த முக்கால் மில்லிமீட்டர் தகடே பெயின்ட்டுக்குக் கவசமாகிவிடுகிறது. வெளிப்பக்கம் எத்தனை கோட் வார்னிஷ் அடித்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

உள்ளிருந்து அடிப்பதால் வேலையின் வரிசை தலைகீழாகிறது. முதலில் அடிக்கும் நிறமே வெளியே தெரியும் என்பதால், கோடுகளும் கருமையான நிறங்களும் முதலிலும், வெளிர் நிறங்கள் பின்னாலும் வர வேண்டும். அதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு பாடியின் உள்பக்கத்தைக் கழுவி, விரல் படாமல் உலர்த்துங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையும் விரல் ரேகையும் இருக்கும் இடத்தில்தான் பெயின்ட் முதலில் கிளம்பும். ஒரே முறையில் தடிமனாக அடித்தால் அந்தப் படலம் வளையும்போது வெடிக்கும். அடித்தது தெரியாத அளவுக்கு மெல்லிய கோட்களாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு அடுத்ததை அடியுங்கள். ஒளிரும் நிறங்களுக்குப் பின்னால் வெள்ளை கட்டாயம் வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்றில் ஸ்ப்ரே பால் போல வெளுத்துப்போகக்கூடும் என்பதால், வெயில் அடிக்கும் நாளுக்காகக் காத்திருப்பது நல்லது. வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை எல்லாம் முடிந்த பிறகே உரிக்க வேண்டும்.

கேள்வி: சரியான பெயின்ட்டை உள்பக்கம்தான் அடித்தேன். ஆனாலும் பின்சக்கரங்களுக்கு மேலே பிறை வடிவில் பெயின்ட் தேய்ந்து வெளிச்சம் தெரிகிறது. ஏன்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்தப் பிறை டயரின் கையெழுத்து. கார் தாவி இறங்கும்போது சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கி, மண் அப்பிய டயர் பாடியின் உள்பக்கத்தை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. என்னுடைய பழைய பாடி ஒன்றை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தபோது, பிறையைச் சுற்றி ஊசியால் குத்தியது போல நூற்றுக்கணக்கான ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. அவை டயர் வாரியெறிந்த மணல் உள்ளிருந்து அடித்த அடிகள். அதாவது, வெளிப்பக்கத்தைக் காக்கும் தகடு உள்பக்கத்தைக் காப்பதில்லை.

முதலில் காரைக் கையால் முழுக்க அழுத்தி, சக்கரத்தை இருபுறமும் திருப்பி, எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பாடியைத் தாங்கி நிற்கும் கம்பமான பாடி போஸ்ட்டில் கிளிப்பை ஒரு துளை மேலே மாற்றுவதோ, சக்கர வளைவைச் சற்றுப் பெரிதாக வெட்டுவதோ பல நேரங்களில் போதும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். கூரான மூலை எதையும் விட்டுவைக்காதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

பிறகு உள்பக்கத்துக்கு ஒரு மேல்பூச்சு கொடுங்கள். நிறம் நன்றாகக் காய்ந்ததும் பின்னணியாக அதே வகைக் கறுப்பு பெயின்ட்டை அடித்தால், தேய்மானம் முதலில் கறுப்பைத்தான் தின்னும். கரடுமுரடான இடத்தில் ஓட்டுபவர்கள், ஜிப்சம் பலகை மூட்டுகளில் ஒட்டும் ஃபைபர் வலை டேப்பைச் சக்கர வளைவுகளிலும் முன்மூக்கிலும் போஸ்ட் துளைகளைச் சுற்றியும் ஒட்டி, அதன் மேல் ஷூ கூ என்ற செருப்புப் பசையை மெல்லத் தடவுகிறார்கள். அது ரப்பர் போலக் காய்ந்து கல்லடியை வாங்கிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள இடத்தில் செய்து, ஓரிரு நாள் உலர விடுங்கள். பாடி முழுவதும் தடவ வேண்டாம். உச்சியில் எடை கூடினால் கார் திருப்பத்தில் எளிதாகக் கவிழும்.

கேள்வி: என்னுடையது நைட்ரோ எஞ்சின் கார். எரிபொருள் சிந்திய இடத்தில் பெயின்ட் பிசுபிசுக்கிறது.
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: நைட்ரோ எரிபொருளில் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் இருக்கின்றன. நீரில் கரையும் வகைப் பெயின்ட்டுகள் பலவும் இந்தக் கலவையைத் தாங்குவதில்லை என்பதால், அவற்றின் மேல் எரிபொருளைத் தாங்கும் தெளிவான பூச்சு ஒன்று வேண்டும். எந்தப் பூச்சானாலும், பாடியிலிருந்து வெட்டி எறியும் துண்டுகளில் ஒன்றில் அடித்து, காய்ந்த பின் ஒரு சொட்டு எரிபொருளை விட்டுப் பாருங்கள். நான் அந்தத் துண்டுகளை ஒருபோதும் எறிவதில்லை.

கேள்வி: வெளிப்பக்கக் கீறல்களையும் சேற்றையும் எப்படி நீக்குவது? தின்னர் பயன்படுத்தலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: தின்னர் வேண்டவே வேண்டாம். தின்னர், நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன், பெட்ரோல், பிரேக் கிளீனர் ஆகியவை பாலிகார்பனேட்டை வெளுக்கச் செய்யும் அல்லது மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். அந்த விரிசலோடு பின்னால் இருக்கும் பெயின்ட்டும் வெடிக்கும். திருகுகளில் இடும் லாக் திரவமும் அப்படித்தான்; மோட்டார் கிளீனர் அடிக்கும்போதும் பாடியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். சேற்றை உலர்ந்த துணியால் துடைத்தால் அதிலுள்ள மணலே கீறும் என்பதால், முதலில் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு சோப்பு நீரும் மென்மையான துணியும் கொண்டு கழுவுங்கள். பெயின்ட் பின்னால் இருப்பதால், மேலோட்டமான கீறல்களை பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் தயங்காமல் தேய்க்கலாம்.

கேள்வி: தாமியா கிராஸ்ஹாப்பருக்கும் உள்பக்கம்தான் அடிக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. 1984-ஆம் ஆண்டில் வந்த கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் உடன்பிறப்புகள் போன்ற கார்கள் என்றாலும், ஹார்னெட்டின் பாடி தெளிவான பாலிகார்பனேட். கிராஸ்ஹாப்பருடையது கெட்டியான பிளாஸ்டிக். அதற்கு வெளிப்பக்கம் பிரைமர், அதன் மேல் டி.எஸ். நிறம், இறுதியாக டி.எஸ்.-13 கிளியர் என்ற நிறமற்ற பூச்சு என்பதே வரிசை. கிளியர் அங்கே உண்மையான பாதுகாப்பு. ஸ்டிக்கர்களை கிளியருக்குக் கீழே வைக்க விரும்பினால் முதல் கோட்டை மிக மெல்லியதாக அடியுங்கள், ஈரமாக அடித்தால் ஸ்டிக்கர் சுருங்கிவிடும்.