பட்டினி அக்கா, வாந்தி எடுக்கும் தங்கை: இரண்டும் ஒரே நோயா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பிளஸ் டூ படிக்கும் மூத்த மகள் அரை இட்லியோடு எழுந்துவிடுகிறாள். பத்தாவது படிக்கும் சின்னவள் ராத்திரியில் ஒரு பாக்கெட் வர்க்கியைக் காலி செய்துவிட்டு, பாத்ரூமில் போய் வாந்தி எடுக்கிறாள். ஒரே வீட்டில் எப்படி இரண்டு எதிரெதிர் நோய்?

பதில்: அம்மா, நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால், இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எடையும் உடல்வாகும்தான் தன் மதிப்பு என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. மார்க், நட்பு, குணம் எதுவும் அதற்கு ஈடாவதில்லை. பிரிட்டன் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்னும் அவருடைய சகாக்களும் 2003-ல் இதைத்தான் உணவுக் கோளாறுகளின் பொது மையமாக முன்வைத்தார்கள். எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம், தன்னைத் தாழ்வாக நினைப்பது, கோபத்தையும் துக்கத்தையும் தாங்க முடியாமை, வீட்டிலும் வெளியிலும் உறவுச் சிக்கல் ஆகிய நான்கும் பலருக்கு நோயை விடாமல் பிடித்து வைக்கின்றன என்றார்கள்.

சின்னவளின் டிபன் பாக்ஸ் மதியம் தொடாமலே திரும்பி வருகிறதா, பாருங்கள். பகலில் பட்டினி கிடந்தால் ராத்திரியில் கட்டுப்பாடு உடையும். அப்புறம் குற்ற உணர்வு, வாந்தி, மறுநாள் மறுபடி பட்டினி. அக்காவின் பட்டினியும் பின்னாளில் இப்படி மாறக்கூடும்.

நம் மலையில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்வெட்டருக்குள் மெலிவு தெரியாது. எந்நேரமும் குளிர்கிறது என்றால் ஊர்க் குளிர் என்று விட்டுவிடுகிறோம். உடம்பு பட்டினியில் இருந்தாலும் அப்படித்தான் குளிரும். மூத்தவளுக்கு மாதவிலக்கு சரியாக வருகிறதா, தலைசுற்றல் உண்டா என்று கேளுங்கள்.

இருவரையும் சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் முதலில் தேவை. மயக்கம், படபடப்பு வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மூத்தவள் ரொம்ப மெலிந்திருந்தால் திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து, டாக்டர் சொல்லும் அளவில் கூட்டுங்கள்.

வீட்டில் "குண்டாயிட்டே", "அக்காவைப் பாரு, எவ்வளவு ஒல்லி" என்ற பேச்சை இன்றே நிறுத்துங்கள். மூன்று வேளையும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். திட்டவோ கெஞ்சவோ வேண்டாம். இந்த வயதில் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு செய்யும் சிகிச்சைதான் நன்றாகப் பலன் தருகிறது. அதனால் மனநல மருத்துவரிடம் போகும்போது அவர்கள் அப்பாவையும் அழைத்துப் போங்கள். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.