நிலத்தை அடகு வைக்காதீர்கள் அண்ணே, கேமரா அப்புறம் வாங்கலாம்

அண்ணே, விலங்கு வீடியோ விற்கிற கம்பெனி வேலைக்குப் பாப்பா ஆசைப்படுகிறாள், அவளுக்கு என்ன வாங்கித் தருவது, எதைப் படிக்க வைப்பது என்று கேட்க வந்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேச்சில் கிளம்பிவிட்டீர்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் வருவதால் பொதுவில் போடுகிறேன், பெயர் போடவில்லை.

முதலில் நிலம். மூணு மா நிலத்தை அடகு வைத்துப் பாப்பாவுக்குக் கேமராவும் பெரிய லென்ஸும் வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். முன்பு ஒரு பையன் இப்படித்தான் கடன் வாங்கி லென்ஸ் எடுத்தான், ஒரு வருஷத்தில் அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். அவனை "எடு, பார்த்துக்கலாம்" என்று உசுப்பிவிட்டவன் நான்தான்.

"விலங்கு வீடியோ விற்கிறதெல்லாம் ஒரு கம்பெனியா?" என்று கேட்டீர்கள். கம்பெனிதான். சீரியலில் பாம்பு படமெடுக்கிற எட்டு செகண்டு வேண்டும், உர விளம்பரத்தில் நடவு வயலில் கொக்கு வந்து இறங்க வேண்டும், அதற்காக மொத்த யூனிட்டையும் கூட்டிக்கொண்டு போய்க் கொக்கு வரும்வரை வரப்பில் உட்கார முடியுமா? யாரோ எடுத்து வைத்ததைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள், அதுதான் ஸ்டாக் ஃபுட்டேஜ். நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு 1998-லேயே தடை போட்டது, 2011-ல் காளையும் சேர்ந்தது. மற்ற விலங்குகளை வைத்துச் சினிமா எடுப்பதற்கும் விலங்குகள் நல வாரியத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே எடுத்து வைத்த காட்சியை வாங்குவது சுலபம்.

காசு விஷயத்தில் ஏமாற வேண்டாம். பெரும்பாலும் விற்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான், காட்சி, எடுத்தவருக்கே சொந்தமாக இருக்கும். அதனால் ஒரே கிளிப் பத்துப் பேருக்கும் போகும், ஒருவரும் சீண்டாமலும் கிடக்கும். இப்படி விற்கிற இணையதளமான அடோபி ஸ்டாக்கில் வீடியோ எடுத்தவருக்கு விற்ற விலையில் 35 சதவீதம். இதை நம்பி மாதாமாதம் வட்டி கட்ட முடியாது அண்ணே. சூரியன் மறைவது, குதிரை ஓடுவது மாதிரி பொதுவான காட்சிகளை இனி ஏஐ-யே செய்து கொடுத்துவிடும். ஆனால் ஆவணப்படம் எடுப்பவருக்கு நிஜமான பறவை வேண்டும், எங்கே, எந்த மாதத்தில் எடுத்தது என்ற விவரத்தோடு.

இங்கேதான் பாப்பாவின் வீடியோ. ஐப்பசி நடவில் செல்போனில் எடுத்ததாம், நாற்பது செகண்டு. நத்தைகுத்தி நாரை ஒன்று சேற்றைத் துழாவி நத்தையை எடுக்கிறது. ஆறாவது செகண்டில் கை ஆடுகிறது, அப்புறம் தேவையில்லாமல் ஜூம் செய்கிறாள். ஆனால் பதினெட்டிலிருந்து இருபத்தேழு வரை, அந்த ஒன்பது செகண்டு அருமை: நாரை அலகு நுனியை ஓட்டுக்குள் விட்டுச் சதையை உருவுகிறது, மூடிய அலகின் நடுவே அந்த இடைவெளிகூடத் தெரிகிறது. இதற்காக இரண்டு மணி நேரம் வரப்பில் குந்தியிருந்தாளாம்.

சரி, அந்த ஃபைலுக்கு அவள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "வீடியோ 1". கம்பெனியில் கிளிப் வந்ததும் ஒருவர் உட்கார்ந்து உயிரினத்தின் பெயர், அறிவியல் பெயர், இடம், மாதம், என்ன செய்கிறது என்று கீவேர்டு எழுதுவார். வாங்குபவர் அதை வைத்துத்தான் தேடுவார். நத்தைகுத்தியைக் கொக்கு என்று எழுதினால் அந்தக் கிளிப் இருந்தும் இல்லாத மாதிரிதான். படம் எடுப்பவர்களைத் தவிர இப்படி அடையாளம் காண்பவர்கள், அட்டவணை போடுபவர்கள், டைரக்டர் கேட்டதைத் தேடிக் கொடுப்பவர்களும் அங்கே வேண்டும். சம்பள வேலை என்று பார்த்தால் அதுதான்.

அதனால் விலங்கு முதலில், கேமரா அடுத்து. பி.எஸ்சி. விலங்கியல் சேருங்கள். பிறகு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது, மயிலாடுதுறைக்குப் பக்கத்திலேயே. அதற்கு மேலும் ஆர்வம் இருந்தால் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம். ஒளிப்பதிவுதான் என்று அடம்பிடித்தால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம், ஆனால் பாப்பாவுக்கு அது முதல் படியாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போதைக்கு இருக்கிற செல்போன், ஒரு டிரைபாட், ஒரு நோட்டு போதும். ஒரே பறவையைத் தூரத்தில், நடுவில், கிட்டத்தில், கால் மட்டும், பறக்கும்போது என்று எடுக்கட்டும், ஒவ்வொன்றும் பத்து செகண்டு, கை ஆடாமல். எடிட்டருக்கு அந்த ஐந்தும் சேர்ந்து இருந்தால்தான் காட்சி. கூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். நாற்று நடுகிறவர்கள் முகம் தெரிந்தால் விற்பதற்கு அவர்கள் கையெழுத்து வேண்டும். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன, இரண்டும் 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை, கார்த்திகைக்கு மேல் கூட்டிப் போங்கள். கோடியக்கரையில் வெளிமானும் பூநாரையும் உண்டு, ஆனால் எந்தச் சரணாலயமானாலும் உள்ளே விற்பனைக்காகப் படமெடுப்பதென்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்கிய பிறகுதான். டிரோன் பேச்சே வேண்டாம்.

தீபாவளி கழித்து நோட்டோடு வரச் சொல்லுங்கள். அந்த நத்தைகுத்தி வீடியோவையும் அழித்துவிட வேண்டாம். இருபத்திரண்டாவது செகண்டில் "பாப்பா, சோறு ஆறிப்போகுது" என்று நீங்கள் கூப்பிடுவது கேட்கிறது, ஆனால் இந்த மாதிரிக் கிளிப்பில் சத்தத்தை எடுத்துவிட்டே கொடுக்கலாம்.