ஒரே ஹட்டியில் ஏழு பேருக்குப் புற்றுநோய்: தண்ணீரில் கோளாறா?

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் ஹட்டியில் (படுகர் சிற்றூர்) 150 வீடு, சுமார் 600 பேர் இருக்கிறோம். பத்து வருஷத்தில் ஏழு பேருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது. மார்பகத்தில் இரண்டு பேர், வாயில் இரண்டு பேர், கர்ப்பப்பை வாய், இரைப்பை, ரத்தம் என்று ஆளுக்கொன்று. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து ஊற்றுத் தண்ணீரில் கலந்துதான் இப்படி ஆகிறதா?
– வாசகி, கோத்தகிரி

உங்கள் பயம் நியாயமானது. ஏழு பேரும் உங்களுக்கு முகம் தெரிந்தவர்கள். ஆனாலும் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இந்தியாவில் 2022-ல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 100 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீடு. இந்த விகிதத்தில் 600 பேர் வாழும் ஊரில் பத்து வருஷத்தில் ஆறு பேருக்கு வரும். தற்செயலாகவே அது ஒரு ஊரில் இரண்டாகவும் இன்னொரு ஊரில் பதினொன்றாகவும் இருக்கலாம். உங்கள் ஏழு இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. வயதையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய், பெரியவர்களே மிஞ்சியிருக்கும் ஊரென்றால் எண்ணிக்கை இன்னும் கூடும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு வரும் விகிதம் இளைஞர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இரண்டாவது, வகை. ரத்தப் புற்றுநோயும் வாய்ப் புற்றுநோயும் பெயரில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு வேறு நோய்கள், காரணமும் வேறு. ஒரே நஞ்சு ஊரைத் தாக்கினால் பெரும்பாலும் ஒரே வகை திரும்பத் திரும்ப வரும். அல்லது அபூர்வமான வகை வரும். அல்லது வரக்கூடாத வயதில் வரும். உங்கள் பட்டியலில் இருப்பவை தமிழ்நாட்டில் எங்கும் காணப்படும் வகைகள். வாயில் வந்த இருவரிடமும் புகையிலை, வெற்றிலைப் பாக்குப் பழக்கம் இருந்ததா என்று கேளுங்கள்.

அதற்காகப் பேசாமல் இருந்துவிட வேண்டாம். ஒரு நோட்டில் எழுதுங்கள்: நோய் கண்டுபிடித்த வருஷம் (இறந்த வருஷம் வேறு, குழப்ப வேண்டாம்), அப்போது வயது, பயாப்சி (திசுச் சோதனை) அறிக்கையில் உள்ள வகை, எத்தனை வருஷமாக ஊரில் இருந்தார், என்ன வேலை, புகையிலை உண்டா இல்லையா. பெரும்பாலான கட்டிகள் உருவாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். மூன்று வருஷத்துக்கு முன் குடிவந்தவரின் நோய்க்கு உங்கள் ஊற்றைக் காரணம் சொல்ல முடியாது. எல்லையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நோயுள்ள பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டைச் சேர்த்து, நோயில்லாத மேல் ஹட்டியை விட்டுவிட்டால், காய் விழுந்த இடம் பார்த்து வேலி போட்ட கதையாகிவிடும். நோட்டை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுங்கள். தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தால் பூச்சிமருந்து எச்சம் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் அது வராது.

மருந்தைப் பற்றிய கவலை அடிக்கிறவர்களைப் பொறுத்தவரை சரியானதே. மாலத்தியான், டயசினான் என்ற பூச்சிமருந்துகள் இரண்டையும் 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. அடர்மருந்தை வாளியில் ஊற்றிக் கலக்கும் அந்த இரண்டு நிமிஷம்தான் மிக மோசமான நேரம். கையை விட்டுக் கலக்கக் கூடாது; ரப்பர் கையுறையும் நீளமான குச்சியும் வேண்டும். முதுகில் மாட்டும் டேங்கின் மூடி கசிந்தால் சட்டை நனைந்து, வேலை முடியும்வரை மருந்து தோலிலேயே ஊறும். முகத்தில் கட்டும் துண்டும் அப்படித்தான்: நனைந்துவிட்டால் மருந்தை மூக்கோடு ஒட்டிவைத்துவிடும். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று அடியுங்கள். அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

சூடாக டீ குடித்தால் தொண்டையில் புற்றுநோய் வருமாமே? மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் எங்களுக்குப் பயமில்லை என்கிறார்கள்.
– வாசகர், குன்னூர்

குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கவலைப்பட வேண்டிய அளவு 65 டிகிரி. அதற்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று மேற்சொன்ன முகமை 2016-ல் அறிவித்தது. தப்பு சூட்டில்தான், டீத்தூளில் அல்ல.

ஈரானின் கொலஸ்தான் பகுதி, இந்த நோய் உலகிலேயே அதிகமாக வரும் இடங்களில் ஒன்று. அங்கே நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2009-ல் வெளிவந்தது. டீயை ஊற்றி நான்கு நிமிஷம் கழித்துக் குடிப்பவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு நிமிஷத்துக்குள் குடிப்பவர்களிடம் நோய் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. நோய் வந்தபின் பழக்கத்தைக் கேட்டால் ஞாபகம் பிசகும் அல்லவா? ஆகவே 50,045 பேரிடம் முன்கூட்டியே டீயின் சூட்டை அளந்து வைத்துக்கொண்டு சுமார் பத்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். 60 டிகிரிக்கு மேல், தினம் 700 மில்லிக்கு மேல் குடித்தவர்களுக்கு ஆபத்து 90% கூடுதல் என்று 2019-ல் தெரிந்தது. ஆனாலும் 50,045 பேரில் நோய் வந்தவர்கள் மொத்தம் 317 பேர்தான். மடங்கைக் கேட்டால் பயமாக இருக்கும். அடியில் உள்ள இந்த எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

டீயை விட வேண்டாம். டம்ளரில் இரண்டு முறை ஆற்றி, நான்கு நிமிஷம் வையுங்கள். பிளாஸ்கிலிருந்து ஊற்றுவதற்கும் இதே விதி. புகையிலையும் மதுவும் சேர்ந்தால் உணவுக்குழாய்க்குப் பெரிய எதிரி அவைதான்.

முகாமில் கர்ப்பப்பை வாயில் ஏதோ புளிக்காடி தடவிப் பார்த்தார்கள். என் அக்காவுக்கு வெள்ளையாகத் தெரிகிறது என்று மேல்பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பயத்தில் அவர் அந்தப் பரிசோதனைக்குப் போகவே இல்லை. இந்தச் சோதனையை நம்பலாமா?
– வாசகி, பூம்பாறை

நம்பலாம். இந்தச் சோதனைக்குச் சான்று கிடைத்த முக்கியமான இடங்களில் ஒன்று உங்கள் திண்டுக்கல் மாவட்டமே. 2000-ம் ஆண்டு தொடங்கி, அம்பிளிக்கை சமுதாய மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மேற்சொன்ன சர்வதேச முகமை ஆகியவை சேர்ந்து, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஆய்வு நடத்தின. பாதிப் பகுதிகளில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை சோதித்தார்கள். மறுபாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். முடிவு 2007-ல் வெளிவந்தது. சோதனை நடந்த பக்கம் புற்றுநோய் 167, மறுபக்கம் 158. ‘அப்படியானால் கூடித்தானே இருக்கிறது’ என்று தோன்றும். சோதனைப் பக்கத்தில் 49,311 பெண்கள், மறுபக்கம் 30,958 பேர்தான். வகுத்துப் பார்க்க வேண்டும். வயது முதலியவற்றைச் சரிசெய்து வகுத்தபோது நோய் 25%, இறப்பு 35% குறைந்திருந்தது.

தடவியது நீர்த்த அசிட்டிக் அமிலம். அந்த ஆய்வில் 4%. பஞ்சில் நனைத்துத் தடவி முழுதாக ஒரு நிமிஷம் காத்திருந்து நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாறத் தொடங்கிய செல்கள் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அவசரப்பட்டு முன்னதாகப் பார்த்தால் திட்டு தெரியாமல் போகும். சாதாரணக் கிருமித்தொற்றும் வெள்ளையாகக் காட்டும். ஐம்பது வயதுக்கு மேல் செல்கள் மாறும் இடம் உள்ளே போய்விடுவதால் இந்தச் சோதனை சரியாகப் பிடிக்காது. அவர்களுக்கு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மேல்.

வெள்ளை என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, சகோதரி. திண்டுக்கல்லில் சோதித்த 31,343 பேரில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, அப்படித் தெரிந்தது. பலருக்கும் இருந்தது புற்றுநோய்க்கு முந்திய கட்டம். அதைக் குளிரூட்டி உறையவைக்கும் சிகிச்சையால் அகற்றினார்கள். அதையும் பெரும்பாலும் வந்த அன்றே செவிலியர்களே செய்தார்கள். பலன் கிடைத்தது இதனால்தான். சோதனை செய்துவிட்டு அடுத்த படிக்குப் போகாதிருந்தால் சோதித்தும் பயனில்லை. கூலி நாளைப் பார்க்காமல், யாராவது துணைக்குப் போய் அக்காவை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றி கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

அப்பாவுக்குக் கோவையில் சிகிச்சை. மருத்துவமனையில் ‘ஊர் எது, எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்’ என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். நாங்கள் அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டோம். அதனால் என்ன?
– வாசகர், கூடலூர்

உங்கள் அப்பாவின் சிகிச்சைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று கணக்கு வைக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டில் அவர் கோவைக்காரராகிவிட்டார். குறைந்தது ஒரு வருஷம் குடியிருந்த ஊர்க்கணக்கில்தான் நோயாளியைச் சேர்ப்பார்கள். பெரிய சிகிச்சைக்கு மலையிலிருந்து கோவை, மைசூரு, கோழிக்கோடு என்று இறங்கிப் போகிறோம். எல்லோரும் சொந்தக்காரர் முகவரி கொடுத்தால் நீலகிரியில் நோய் குறைவு என்று காகிதம் சொல்லும். முதல் கேள்வியில் கோத்தகிரிச் சகோதரி கேட்டதற்குச் சரியான விடை சொல்லவும் அந்தப் பதிவேடுதான் வேண்டும். அடுத்த முறை போகும்போது பதிவு கவுண்டரில் கூடலூர் முகவரியைக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். பின்கோடு எழுத மறக்காதீர்கள்.