தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கமிருந்து மலேசியாவுல பினாங்கு மாநிலத்துப் பிறைக்கு வந்த தம்பிக்கு

தம்பி, நீ கேட்டத ரெண்டு தடவ வாசிச்சேன். பிறையில ஒரு ஃபாக்டரிக்கு வந்து அஞ்சு மாசம் ஆகுது, ஏஜெண்டுக்காக வாங்குன கடன் பாதி கூட அடையல, பன்னெண்டு மணி நேர ஷிப்ட், ஒரு ரூம்ல எட்டு பேரு, வீட்டுக்குப் போன் போட்டு நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சதும் பாத்ரூம்ல போய் அழுறேன், தினமும் ஜெபம் பண்றேன் ஆனா மனசுல சமாதானம் இல்ல, என் விசுவாசம் செத்துப்போச்சாக்கா, நீங்க மட்டும் இத்தன வருஷமா எப்படி சந்தோஷமா இருக்கீங்கன்னு கேட்டிருக்க. கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிர்றேன். இத்தன வருஷமும் நான் சந்தோஷமா இல்ல. பாதி வருஷம் நடிச்சேன், இப்ப நீ அம்மாகிட்ட நடிக்கிற மாதிரியே.

நான் மெய்ஞ்ஞானபுரம் பக்கம். 2003-ல கல்யாணமாகி, பிறைக்குப் பக்கத்துல இந்தப் பட்டர்வொர்த் வந்தேன், அவரு இங்கயே பொறந்தவரு, லாரி ஓட்டுனவரு. வந்த புதுசுல எனக்கு ஒண்ணுமே பிடிக்கல, மழை பிடிக்கல, வேர்வை பிடிக்கல, சாம்பார்ல இனிப்பு போடுறது சுத்தமா பிடிக்கல (இப்ப நானே போடுறேன், அது வேற). பாஸ்ல, அதான் இங்க தங்குறதுக்கான விசாவுல, வேலை செய்யக்கூடாதுன்னு முத்திரை இருந்ததால வீட்டுக்குள்ளயே கெடந்தேன். மதியம் மாமியார் தூங்குனதும் போய் ஃபெர்ரி ஏறிருவேன். அந்தப் பழைய மஞ்சக் கலர் ஃபெர்ரி நீ பாத்திருக்க மாட்ட, காரும் ஆளும் சேந்து போகும். பட்டர்வொர்த்துல ஏறுறப்பதான் காசு, பினாங்குத் தீவுல இருந்து திரும்பி வர்றதுக்குக் கெடையாது, அதனால ஒரு டிக்கெட்ல போயிட்டு வந்து அழுது முடிச்சிரலாம். கப்பல் சத்தத்துல யாருக்கும் கேக்காது.

மொத வருஷம் பெரிய வெள்ளி வந்துச்சு. காலைல இவரு லாரி சாவிய எடுத்துட்டு வேலைக்குக் கிளம்புறாரு. நான் ஆடிப்போயிட்டேன், என்னங்க இன்னைக்குப் பெரிய வெள்ளில்லன்னு கேட்டா, சபா, சரவாக் மாநிலத்துலதான் லீவு, இங்க கெடையாதுன்னு சாதாரணமா சொல்றாரு. நம்ம ஊர்ல அன்னைக்கு உச்சி வெயில்ல கோயில்ல உக்காந்து ஏழு வார்த்தையும் கேட்டு முடிச்சிட்டுதான் வீட்டுக்கு வருவோம், இங்க ரோட்ல எல்லாம் ஓடிட்டு இருக்கு. அன்னைக்குதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. ஊர்ல என் விசுவாசம்னு நான் நெனச்சதுல பாதி ஊர்தான், கோயில் மணி, கோயில் விருந்துல போடுற அசனத்துச் சோறு, பாமாலைப் பாட்டு, அம்மா பக்கத்துல உக்காந்திருக்கறது. அதெல்லாம் போனதும் கையில மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். உனக்கும் அதான் நடக்குதுன்னு நெனைக்கிறேன். செத்துப்போகல தம்பி, மேல இருந்த ஓடு கழண்டிருக்கு அவ்வளவுதான்.

சரி, பெரிய கதைக்கு வர்றேன். 2014-ல அவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. சக்கர வியாதிய வருஷக்கணக்கா கவனிக்காம விட்டது, லாரிக்காரங்களுக்கு இதான், நிறுத்துற எடத்துல எல்லாம் தே தாரேக்னு இழுத்து ஆத்துற டீ, எல்லாத்துலயும் கெட்டிப்பால். வாரம் மூணு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவயும் நாலு மணி நேரம், லாரி ஓட்ட முடியாது. அதுக்குள்ள நான் அனுமதி வாங்கி ஒரு கேண்டீன்ல காலைச் சமையலுக்குப் போயிட்டு இருந்தேன், அந்தச் சம்பளத்துல ரெண்டு புள்ளைங்களோட குடும்பம் ஓடணும். என் பாஸ புதுப்பிக்கவும் அவரு கூட வந்தாகணும், டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள் துவண்டு போயிருக்கிற மனுசன நம்பர் கூப்பிடுற வரைக்கும் உக்கார வச்சிருப்பேன். (பிஆர், அதான் நிரந்தரமா தங்குற அனுமதி, அது பத்தி மட்டும் கேட்டுறாத, அது தனிப் புராணம்.)

அப்ப எங்க சபையில, தமிழ் மெதடிஸ்ட் சபை, ரெண்டு பேரு வீட்டுக்கு வந்து ஒரு கவர் குடுத்துட்டுப் போனாங்க. உள்ள 600 வெள்ளி, அதான் ரிங்கிட். அத நான் அடுத்த ஞாயிறே திருப்பிக் குடுத்துட்டேன், கர்த்தர் எங்களப் பாத்துப்பாரு, எங்களுக்கு ஒரு குறையும் இல்லன்னு வீறாப்பா சொல்லிட்டு. வீட்ல அரிசி டப்பா காலி. அதுக்கப்புறம் மூணு நாலு மாசம் கோயிலுக்கே போகல, கேட்டா டயாலிசிஸ்னு சொல்லிருவேன். ஞாயித்துக்கிழமை டயாலிசிஸே கெடையாது, அவங்களுக்கும் அது தெரியும்.

திரும்பப் போனதுக்குக் காரணம் பெரிய தரிசனம்லாம் இல்ல, பொண்ணுக்கு ஓய்வுநாள் பள்ளி நாடகம். அன்னைக்கு சாயங்காலம் வேதபாடத்துல, பவுல் பிலிப்பி ஊர் சபைக்கு எழுதுன கடிதாசி, பிலிப்பியர் நாலாம் அதிகாரம். நமக்கெல்லாம் மனப்பாடம்தான், "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்", அப்புறம் ரெண்டு வசனம் தள்ளி, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". இந்த ரெண்டாவது உங்க ஊர்ல ஆட்டோ பின்னாடி, பரீட்சை பேடு மேல எல்லாம் ஒட்டியிருக்கும். பாஸ்டர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, இந்தக் கடிதாசிய பவுல் எதுக்கு எழுதுனாருன்னு. ஒருத்தரும் வாயத் திறக்கல. அவரு சொன்னாரு, காசு வந்து சேந்துச்சுன்னு சொல்லத்தான், அப்படின்னு.

நெசமாவே அப்படித்தான் தம்பி, நீ எடுத்துப் பாரு. மனுசன் ஜெயில்ல கெடக்காரு, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துங்கற ஆள் கையில உதவி குடுத்து அனுப்பியிருக்காங்க, இவரு அத வாங்கிட்டு நன்றி எழுதுறாரு. அந்த மனரம்மிய வசனத்துக்கு நாலு வசனம் கீழ "கொடுக்கல் வாங்கல்"னே இருக்கு, கணக்குன்னு வருது, இன்னொரு தடவயும் அனுப்புனீங்களேன்னு வருது. மனரம்மியம்ங்கற எடத்துல மூலத்துல இருக்கிற கிரேக்க வார்த்தைக்கு யார் தயவும் இல்லாம தனக்குத் தானே போதுமா இருக்கறதுன்னு அர்த்தமாம், ஸ்தோயிக்கர்ங்கற அந்தக் காலத்துத் தத்துவக்காரங்க பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்ச வார்த்தையாம். பவுல் அதையே எடுத்து, என்னால இல்ல கிறிஸ்துவாலன்னு திருப்பிப் போட்டுட்டு, அதோட நிறுத்தாம நீங்க என் கஷ்டத்துல பங்கு எடுத்தது நல்லாயிருந்துச்சுன்னும் எழுதுறாரு. எனக்கு மொகத்துல தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு. நான் கவர திருப்பிக் குடுத்தத விசுவாசம்னு நெனச்சிட்டு இருந்தேன். அது நம்ம ஊரு ரோசம், மேல பைபிள் அட்டை போட்டிருந்தேன்.

இன்னொண்ணு, இது உனக்காகவே எழுதுன மாதிரி இருக்கும், ரெண்டாம் அதிகாரக் கடைசி. அந்த எப்பாப்பிரோதீத்து காசு கொண்டுட்டு வந்த எடத்துல காய்ச்சலோ என்னவோ வந்து சாகப் பொழைக்கக் கெடந்திருக்கான். அவனுக்கு என்ன கவலை தெரியுமா, தான் வியாதியாக் கெடந்தது ஊர்ல தெரிஞ்சுபோச்சேன்னு. ஊரு ஞாபகம் வேற. அப்படியே நீதான. பவுல் அவனப் போய் விசுவாசம் இல்லாதவனேன்னு திட்டல. அவன் செத்திருந்தா எனக்கு துக்கத்துமேல துக்கமா ஆயிருக்கும்னு எழுதி, சந்தோஷமா அவன ஏத்துக்கோங்கன்னு ஊருக்கே திருப்பி அனுப்புறாரு. எந்த நிலைமையிலயும் மனரம்மியம்னு சொன்ன அதே ஆள்தான் அதே கடிதாசியில துக்கம்னும் எழுதுறாரு. அப்ப அழுகை வந்தா சமாதானம் இல்லன்னு யார் சொன்னா.

அப்புறம் "கற்றுக்கொண்டேன்"ங்கறத கவனி. வானத்துல இருந்து எறங்கி வந்துச்சுன்னு சொல்லல. சமையல் கத்துக்கற மாதிரிதான், நான் எவ்வளவு சாம்பார கெடுத்திருக்கேன். என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ கவர் வந்தப்ப வாங்கிக்கிட்டேன், கை நடுங்குச்சு, வாங்கி அரிசியும் மீட்டர் பில்லும் பாத்தேன். கேண்டீன்ல மிச்சமாகுற இடியாப்பத்த டயாலிசிஸ் சென்டர்ல காத்திருக்கிறவங்களுக்குக் கொண்டு போவேன், சீன ஆச்சி ஒருத்தங்க, மலாய்க்கார மக்சிக், அதான் அத்தை மாதிரி ஒருத்தங்க, நாங்க எல்லாம் ஒரே பெஞ்சு, ஒருத்தர் வீட்டுக்காரர் நல்லா இருக்காரான்னு ஒருத்தர் கேப்போம், ஒரு நாள் ஒரு பெஞ்சு எடம் காலியா இருக்கும், யாரும் ஏன்னு கேக்க மாட்டோம். 2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டப்ப கூட டயாலிசிஸ் கடிதாசியக் காட்டி ரோடுபிளாக் தாண்டிப் போயிருக்கோம். அந்த பெஞ்சுலதான் எனக்கு சபைன்னா என்னன்னே புரிஞ்சுதுன்னு சொன்னா எங்க பாஸ்டர் கோவிச்சுக்கக் கூடாது.

அவரு இன்னும் இருக்காரு, பதினோரு வருஷம் தாண்டிருச்சு. தண்ணி அளந்துதான் குடிக்கணும், தாகம் எடுத்தா ஐஸ் கட்டி சப்புறாரு, கோவம் மட்டும் அளவில்லாம வரும். டயாலிசிஸுக்காக கையில ரத்தக்குழாய சேத்து வச்சிருக்காங்க, பிஸ்டுலாம்பாங்க, தொட்டா உள்ள பூனை உறுமுற மாதிரி ஒரு அதிர்வு ஓடிட்டே இருக்கும். அது நின்னா ஆபத்து, தினமும் தொட்டுப் பாக்கச் சொல்லியிருக்காங்க. நான் ராத்திரி வெளக்க அணைச்சதும் தொட்டுப் பாப்பேன், ஓடுதா, ஓடுது, ஸ்தோத்திரம், அவ்வளவுதான் என் ராத்திரி ஜெபம், சில நாள் அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. கடன் இருக்கு, முட்டி வலி இருக்கு, ஆனா அந்த நேரத்துல இன்னும் ஏதாவது வேணும்னு தோணாது.

இப்ப உன் விஷயம். மனரம்மியமா இருக்கணும்னு சொல்லி அநியாயத்த முழுங்கச் சொல்றேன்னு எடுத்துக்காத. பவுல அதே பிலிப்பியிலதான் அடிச்சு, ஜெயில்ல போட்டு, கால தொழுமரத்துல மாட்டுனாங்க, நடுராத்திரி பாட்டு பாடுனாரு, அது எல்லாருக்கும் தெரியும். விடிஞ்சதும் சத்தமில்லாம போயிருன்னு சொன்னப்ப, நாங்க ரோமர், விசாரிக்காம அடிச்சீங்க, அதிகாரிங்களே வந்து வெளிய கூட்டிட்டுப் போகட்டும்னு உக்காந்துட்டாரு, இத யாரும் பிரசங்கம் பண்றதில்ல. அதனால உன் பாஸ்போர்ட் உன் கையில இருக்கான்னு மொதல்ல சொல்லு. வேற யாராவது வாங்கி வச்சிருந்தா அது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குத்தம். அடிப்படைச் சம்பளம் 2025-ல இருந்து 1,700 வெள்ளி, வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதா வேலை, அதுக்கு மேல ஓட்டி (ஓவர்டைம்), மணிக்கு ஒன்றரை மடங்கு. சம்பளச் சீட்ட போட்டோ எடுத்து வச்சுக்கோ, கணக்கு இடிச்சா சொல்லு, ஜபாத்தான் தெனாகா கெர்ஜா, அதான் தொழிலாளர் துறை ஆபீஸுக்கு எங்க சபையில ஒருத்தர் கூட வருவாரு, மலாய் நல்லாப் பேசுவாரு.

இன்னொரு எச்சரிக்கை. உன்ன மாதிரி புதுசா வந்தவங்க ரூமுக்கு ஜெபக்கூட்டம்னு வருவாங்க, நல்லவங்களும் உண்டு. ஆனா உனக்கு விசுவாசம் பத்தாது அதான் கடன் தீரல, மொத சம்பளத்த விதையாக் குடு, நூறு மடங்கு வரும்னு பேசுனா செருப்ப மாட்டிட்டு வெளிய வந்துரு. எங்க வீட்டுக்கே ஒரு கூட்டம் வந்து, யாரோட பாவத்தால இவருக்குக் கிட்னி போச்சுன்னு விசாரிச்சாங்க. நான் டீ கூடக் குடுக்கல.

நம்ம ஊரு சபை பேரு சி.எஸ்.ஐ.ன்னு இங்க தேடாத, அந்தப் பேரு கெடைக்காது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லூத்தரன்னு தமிழ் ஆராதனை இருக்கு, பாட்டெல்லாம் நம்ம பாட்டுதான், ராகம் மட்டும் ஒரு மாதிரி இழுப்பாங்க, பழகிரும். ஜூலை மாசம் புக்கிட் மெர்தாஜாம்ல அன்னம்மாள் திருவிழா வரும், 26-ந்தேதி, அது கத்தோலிக்க கோயில், ஆனா இந்து, சீனர்னு ஊரே மெழுகுவத்தியோட நிக்கும். அவரு கிட்னி போய்ப் படுத்த அந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரி இழுத்துட்டுப் போனா, நமக்கு இதெல்லாம் பழக்கமில்லையேன்னு ஓரமா நின்னேன். அற்புதம் ஒண்ணும் நடக்கல. ஆனா அத்தன கூட்டத்துல ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு கஷ்டம் எரியுறதப் பாத்ததுக்கப்புறம், எனக்கு மட்டும் ஏன்னு கேக்குறதுக்கு வெக்கமாப் போச்சு. போய்ட்டு வா, நிறைய நடக்கணும், நல்ல செருப்பு போட்டுக்கோ.

இந்த ஞாயிறு உனக்கு ஷிப்ட் இல்லன்னா காலைல பட்டர்வொர்த் பஸ் ஸ்டேஷன்ல வந்து நில்லு, என் மகன் மோட்டார்ல வந்து கூட்டிட்டு வருவான். ஆராதனை முடிஞ்சு சாப்பாடு எங்க வீட்ல, ரூம்ல இருக்கிறவங்களுக்கும் தாப்பாவ், அதான் பார்சல், பண்ணித் தர்றேன், டப்பா இருந்தா கொண்டு வா. வாங்க மாட்டேன்னு மட்டும் சொல்லிறாத, எனக்குக் கோவம் வரும்.

அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேட்டியே. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்ட வேணாம், பாவம். அழுறத இப்ப சொல்லாட்டி பரவால்ல. ரூம்ல எட்டு பேருன்னு சொல்லு, சாப்பாடு பிடிக்கலன்னு சொல்லு, அந்த ரெண்ட மட்டும் மொதல்ல நெசமா சொல்லு. ஒம்பது மணிக்குப் போடு, அங்க ஆறரை, விளக்கு வச்சிட்டு சும்மாதான் உக்காந்திருப்பாங்க.