விளக்கு மாறினால் நிறம் மாறுகிறதே?

எல்இடி வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணித்துண்டுகள் வெயிலில் வேறு வேறாகத் தெரிகின்றன என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. சாயக்கலவை வேறாக இருந்தால் இப்படித்தான் ஆகும், மெட்டாமெரிசம் என்பார்கள்.

துணியின் நிறம் ஒப்பிட டி65, அதாவது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சொல்லும் அளவு) பகல்வெளிச்ச விளக்கு வாங்குங்கள். பெட்டியில் 6500 என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண்ணான சிஆர்ஐ 95க்கு மேல் இருக்கட்டும், அப்புறம் ஆர்9 மதிப்பையும் அவசியம் கேளுங்கள். அது அடர்சிவப்புக்கானது. பொதுவான சிஆர்ஐ கணக்கில் அது சேராது என்பதால், 90 போட்ட விளக்கிலும் மெரூன் செத்துப்போய்த் தெரியலாம். மஞ்சள் விளக்கிலும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

குழல்விளக்கு என்றால் போட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். எரிந்த மணிக்கணக்கைக் குறித்து வைத்து, தயாரிப்பாளர் சொன்ன கெடு வந்ததும் எல்லாக் குழல்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.