விண்கல மாதிரியில் வெண்படலம்: கொழும்பின் ஈரக்காற்றில் நிறம் அடிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “என் மகளுடன் சேர்ந்து ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் என்டர்பிரைஸ் விண்கலத்தின் 1/1000 அளவிலான மாதிரியைக் கட்டி வருகிறேன். பாகங்கள் பகல் முழுவதும் ஏசி அறையில் இருந்தன. மழை விட்ட பிறகு, மாலை 6 மணியளவில் பல்கனியில் வைத்து ஸ்பிரே பிரைமர் (நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடித்தோம். சற்று நேரத்தில் வட்டத் தட்டின் மேற்புறம் வெளுத்து மங்கிவிட்டது. ஓரங்கள் சொரசொரக்கின்றன. எல்லாவற்றையும் உரித்தெடுக்க வேண்டுமா? ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் நிறம் தெளிக்கும் கருவி) இல்லாமல் இதை ஒழுங்காக முடிக்க முடியுமா?”

பெரும்பாலும் உரிக்கத் தேவையில்லை. ஏர்பிரஷ் இல்லாமலே அழகாக முடிக்கலாம். ஆனால் அதற்கு முன் அந்த மாலையில் நடந்தது என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது.

ஏசி அறையில் பகல் முழுவதும் கிடந்த பிளாஸ்டிக் ஏறத்தாழ 23 பாகை செல்சியஸில் இருந்திருக்கும். மழை விட்ட கொழும்பு மாலையில் வெப்பநிலை 28 பாகை, ஈரப்பதன் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிபடுநிலை சுமார் 25 பாகை. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசி அலுவலகத்திலிருந்து கொழும்பின் காலி வீதிக்கு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதேதான் உங்கள் விண்கலத்துக்கும் நடந்தது. பிரைமர் விழுவதற்கு முன்பே பாகங்களின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்துவிட்டது. போதாக்குறைக்கு, பிரைமரில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பை மேலும் குளிர்விக்கும். அப்போது படியும் நீர் காய்ந்துவரும் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் வெண்மை அதுதான். பிரைமரின் தரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

சொரசொரப்புக்குக் காரணம் வேறு. கடற்காற்று வீசும் பல்கனியில் டப்பாவைத் தள்ளிப் பிடித்தால், துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து பொடியாக வந்து ஒட்டும். 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரமே போதும். ஓர் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து, அதற்குள் பாகத்தை வைத்து அடித்தால் காற்றும் தடுபடும், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிகளும் தப்பும். தொடர்மாடிகளில் இந்த இரண்டாவது காரணம் முதலாவதைவிட முக்கியம்.

இனித் திருத்தும் வழி. முழுதாக இரண்டு நாள் காய விடுங்கள். பிறகு மாஸ்கிங் டேப் துண்டொன்றை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் ஒன்றும் வராவிட்டால் பிரைமர் பிடித்துக்கொண்டது என்று பொருள். 1000 இலக்க அரத்தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசிக் காயவைத்து, மெல்லிய புதிய பூச்சு அடித்தால் போதும். வெண்மை அடியில் மறைந்துவிடும். டேப்போடு பிரைமர் கழன்று வந்தால்தான் உரிக்க வேண்டும். பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் அல்ககோலில் ஊறவைத்தால் பல பிரைமர்கள் இளகிவிடும்; பழைய பற்தூரிகையால் தேய்த்து எடுக்கலாம். கண்ணாடிபோன்ற ஒளிபுகும் பாகங்களை அதில் போடாதீர்கள், நுண்விரிசல் விழக்கூடும். அல்ககோல் எளிதில் தீப்பற்றும், ஆகவே அடுப்பு பக்கத்தில் இருக்கவும் கூடாது. அசற்றோனும் ஹார்ட்வெயார் கடைத் தின்னரும் வேண்டவே வேண்டாம்: இந்தப் பாகங்கள் பொலிஸ்டைரீன், அவை பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

கொழும்பில் நிறம் அடிப்பவருக்கு விலையுயர்ந்த கருவியைவிடப் பொருத்தமான வேளை பெரிது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், ஆகவே முற்பகலைப் பயன்படுத்துங்கள். ஜனவரியும் பெப்ரவரியும் இங்கே மிக உலர்ந்த மாதங்கள். வெயில் ஏறிய ஒரு ஜனவரி நண்பகலில் 30 பாகையும் 62 சதவீத ஈரப்பதனும் இருந்தால் பனிபடுநிலை 22 பாகைக்கு இறங்கிவிடும். பரப்பு குளிர்ந்தாலும் நீர் படியாத அளவுக்கு 8 பாகை இடைவெளி இருக்கிறது. ஈரப்பதன்மானி ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று ஒட்டும் வேலை, தேய்க்கும் வேலை பாருங்கள். அடிக்கவிருக்கும் பாகங்களை ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். அடித்து, தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின் மீண்டும் உள்ளே கொண்டுபோகலாம். ஏசி அறையின் உலர்ந்த காற்று மீதிக் காய்தலுக்கு நல்லது. மூடிய அறைக்குள் மட்டும் ஸ்பிரே அடிக்காதீர்கள். இருவரும் கரைப்பான் ஆவியை வடிகட்டும் முகமூடி அணியுங்கள், துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ஸ்பிரே பெயின்ட் டப்பா கொண்டுவரச் சொல்லாதீர்கள், தீப்பற்றக்கூடிய அவற்றை விமானத்தில் அனுமதிப்பதில்லை. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் வாகன ஸ்பிரேக்கள் சில பிளாஸ்டிக்கை அரிக்கும். பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது நிறம். பலர் என்டர்பிரைஸை வெள்ளை என்று நினைத்துப் பளீரென்ற வெள்ளையைப் பூசிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அது பொம்மையாகவே தெரியும். படப்பிடிப்புக்காக 1964இல் கட்டப்பட்ட 11 அடி நீள மாதிரி இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2016இல் அதைச் சீரமைத்துக் காட்சிக்கு வைத்தார்கள். அதன் உடல் வெளிர் சாம்பல், அதில் மெல்லிய பச்சைச் சாயல். வட்டத் தட்டின் மேற்புறத்தில் மட்டும் அறுபதுகளின் மூலப் பூச்சு தப்பியிருந்ததால் அந்த நிறத்தை உறுதிசெய்ய முடிந்தது.

அந்தத் தட்டின் கோடுகள் வரையப்பட்ட விதம்தான் எனக்கு மிகப் பிடித்தது. அவை பென்சில் கோடுகள்! மையத்திலிருந்து விரியும் ஆரங்களும் அவற்றை வெட்டும் வட்டங்களும் பூச்சின்மேல் பென்சிலால் இழுக்கப்பட்டவை. ஏர்பிரஷ் இல்லையே என்ற உங்கள் கவலைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. சாம்பல் நிறம் நன்றாகக் காய்ந்த பின், 0.3 மில்லிமீற்றர் இயந்திரப் பென்சிலால், அழுத்தாமல், வளையும் பிளாஸ்டிக் அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு மகளை வரையச் சொல்லுங்கள். கோடு கையெட்டும் தூரத்தில் மட்டும் தெரிந்து, இரண்டடி தள்ளி நின்றால் மறைந்துவிட வேண்டும். கதையில் இந்தக் கலத்தின் நீளம் 289 மீற்றர். உங்கள் மேசையில் 29 சென்ரிமீற்றர்கூட இல்லை. இந்த அளவில் தடித்த ஒரு கோடு பார்ப்பவர் கண்ணில் பெரிய அகழியாகிவிடும். பிழைத்தால் மென்மையான அழிறப்பர் போதும்.

தட்டு, உடல், இரண்டு இயந்திரக் குழல்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக நிறமடித்துவிட்டுக் கடைசியில் ஒட்டுங்கள். ஒட்டும் இடங்களில் நிறத்தைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஸ்டைரீன் பசை பிளாஸ்டிக்கை இளக்கிப் பிணைப்பது, இடையில் பெயின்ட் இருந்தால் பிடிக்காது. குழல்களைத் தாங்கும் மெல்லிய தண்டுகள் சாய்ந்துபோவது இந்தக் கலத்தில் அடிக்கடி நேரும் குறை. பசை இறுகும் முன் பின்புறத்திலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்து, ஓர் இரவு அட்டைத் தாங்கியில் அசையாமல் வையுங்கள். தண்டுக்குள் பித்தளைக் கம்பித் துண்டொன்றைச் செருகினால் இன்னும் பாதுகாப்பு.

எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட, நீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்களுக்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். அவை காய்ந்த மறுநாள் மங்கல் வார்னிஷ் அடிக்கலாம். ஈரத்தில் மிக எளிதாக வெளுப்பது இந்தப் பூச்சுதான், அதன் பின்னர் திருத்துவதும் கடினம். எனவே அவசரம் வேண்டாம். பாடசாலை விடுமுறை முடிந்தாலும் பரவாயில்லை, ஜனவரியில் வெயிலடிக்கும் ஒரு முற்பகல் வரும்வரை கலத்தைப் பெட்டியில் மூடி வைத்திருங்கள்.