அடுக்குமாடிக் கட்டடத்தில் சென்சார்: எதற்கு வைப்பது, எதற்கு வேண்டாம்?

கேள்வி: ஆறு மாடிக் குடியிருப்பு, அடித்தளத்தில் வாகன நிறுத்தம். தீத்தடுப்புக் கதவுகள் திறந்தே கிடக்கின்றன என்று ஆய்வறிக்கையில் எழுதிவிட்டார்கள். தரைத்தளச் சுவரில் ஒரு விரிசலும் தெரிகிறது. சென்சார் வைத்தால் விதிமீறலும் பழுதும் உடனே தெரிந்துவிடும் என்று ஒரு நிறுவனம் முழுக் கட்டடத்துக்கும் திட்டம் கொடுத்திருக்கிறது. எவற்றை வாங்கலாம்?

பதில்: கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சென்சார் சொல்லாது, எப்படிப் புழங்குகிறது என்பதைத்தான் சொல்லும். பக்க இடைவெளி, உயரம், படிக்கட்டின் அகலம் ஆகியவற்றைச் சரிபார்க்க அளவு நாடாவும் ஒப்புதல் பெற்ற வரைபடமும் போதும். திறந்து கிடக்கும் கதவு, அழுத்தம் இறங்கிய தீயணைப்புக் குழாய், ஓடாத காற்றோட்ட விசிறி போன்றவை ஆய்வு நாளில் சரியாக இருந்து மறுநாள் கெடுபவை. சென்சாருக்கு வேலை அங்கேதான்.

கதவில் தொடங்குங்கள். காந்த சுவிட்ச் ஒரு சோடி போதும்: காந்தம் கதவில், சுவிட்ச் கதவின் நிலைச்சட்டத்தில். கீல் பக்கம் பொருத்தினால் கதவு நன்றாகத் திறந்த பிறகுதான் அசைவு தெரியும். அதனால் எதிர்ப்பக்க மேல் மூலையில் வையுங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, தூரத்திலிருந்தே காந்தத்தை உணரும் சுவிட்சை வாங்குவது. தாழ் விழாமல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்கும் கதவையும் அது ‘மூடியது’ என்றே காட்டும். புகைக்கு அந்த இடைவெளி தாராளம். பொருத்தியதும் 10 மி.மீ. மரத்துண்டைக் கதவுக்கும் நிலைச்சட்டத்துக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். ‘திறந்தது’ என்று வர வேண்டும். இரும்புக் கதவு காந்தப் புலத்தைக் குறைத்துவிடும், அதற்கென்றே வரும் வகையைக் கேளுங்கள். தீத்தடுப்புக் கதவில் இஷ்டத்துக்குத் துளை போட்டால் அதன் தீத்தாங்கு தகுதியே போய்விடலாம். கதவு தயாரித்தவரிடம் கேட்காமல் டிரில்லை எடுக்க வேண்டாம்.

ஆள் கடந்து போனதற்கெல்லாம் எச்சரிக்கை வந்தால் இரண்டே வாரத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். கதவு 2 அல்லது 3 நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் மட்டும் ஒலிக்கட்டும். ஒரே கதவு தினமும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கிறதா? யாரோ கட்டை முட்டுக்கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குத் தீர்வு இன்னொரு சென்சார் அல்ல. தீ எச்சரிக்கை வந்ததும் தானாகக் கதவை விட்டுவிடும் மின்காந்தப் பிடி.

தீயணைப்புக் குழாய்க்கு 0 முதல் 16 பார் (அழுத்த அலகு) வரை அளக்கும், 4–20 மில்லி ஆம்பியர் வெளியீடு உள்ள அழுத்த சென்சார் ஏற்றது. அழுத்தம் பூஜ்யமானாலும் 4 மில்லி ஆம்பியர் வரும். ஒயர் அறுந்தால் 0 வரும். குழாயில் பிரச்சினையா, ஒயரில் பிரச்சினையா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 பார் குறையும். பம்ப் அறையில் மட்டும் வைத்தால், நடுவில் யாரோ வால்வை மூடிய பிறகு மேல்தளக் குழாய் மெல்ல வடிந்து காலியாவது தெரியாது. குழாயின் உச்சியிலும் ஒன்று வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே காசுக்கு அதிகப் பலன் தருவது ஜாக்கி பம்பில், அதாவது தீயணைப்புக் குழாயில் அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சிறிய பம்பில், மாட்டும் கரண்ட் சென்சார்தான். பம்ப் ஒரு நாளில் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணினால் போதும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக உட்காரவில்லை. மாட்டும்போது ஒரே ஒரு ஃபேஸ் ஒயரை மட்டும் சென்சாரின் வளையத்துக்குள் விட வேண்டும். முழுக் கேபிளையும் விட்டால் எதிரெதிர் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ரத்து செய்துவிட்டு, பம்ப் ஓடும்போதும் பூஜ்யம் காட்டும்.

அடித்தளத்தில் கார்பன் மோனாக்சைடு சென்சார் வையுங்கள். அந்த வாயு காற்றின் எடைக்கு மிக நெருக்கம், ஆகவே மூச்சு விடும் உயரத்தில், சுமார் 1.5 மீட்டரில் இருக்கட்டும். வெளிக்காற்று நேராக அடிக்கும் சரிவுப்பாதை வாயிலில் வைத்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும். உள்ளே இருக்கும் மின்வேதிச் செல் பொதுவாக 5 முதல் 7 ஆண்டில் தீர்ந்துவிடும். மாற்றும் தேதியைச் சென்சார் மேலேயே எழுதி ஒட்டுங்கள். விசிறிக்கு மோட்டார் கரண்ட் மட்டும் பார்ப்பது ஏமாற்றும். பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சுற்றும். காற்றுக்குழாயில் அழுத்த வேறுபாட்டு சுவிட்ச் இருந்தால்தான் காற்று நகர்வது உறுதியாகும்.

விரிசலுக்கு வருவோம். தூண், பீம், ஸ்லாப் ஆகியவற்றில் விரிசல் இருந்தாலோ, கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ சென்சாரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். சாதாரணச் சுவர் விரிசல் என்று அவரே சொன்னால், அதன் குறுக்கே 0.01 மி.மீ. வரை படிக்கும் விரிசல்மானியையும் பக்கத்திலேயே வெப்பநிலை சென்சாரையும் பொருத்துங்கள். மணிக்கு ஒரு அளவு போதும். வெயிலுக்கு ஏற்ப விரிசல் தினமும் திறந்து மூடும், பருவத்துக்கும் மாறும். வெப்பநிலைப் பதிவு இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்துபோவீர்கள். வெப்பநிலை பழைய இடத்துக்குத் திரும்பியும் விரிசல் திரும்பவில்லை என்றால்தான் கவலை. ஓராண்டுப் பதிவு இல்லாமல் ‘நின்றுவிட்டது’ என்று முடிவு கட்டக் கூடாது.

திட்டத்தில் சாய்வு சென்சாரும் இருந்தால் அதன் துல்லியத்தைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு 1 மி.மீ. சாய்வு என்பது 0.057 பாகைதான். 0.1 பாகைத் துல்லியம் உள்ளது இந்த வேலைக்கு உதவாது.

தண்ணீர்க் கசிவுக்குத் தனியாக எதுவும் வேண்டாம், பல்ஸ் வெளியீடு உள்ள (குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பு அனுப்பும்) தண்ணீர் மீட்டரே போதும். விடியற்காலை 2 முதல் 4 மணிக்குள் ஒருநாள்கூட ஓட்டம் பூஜ்யத்தைத் தொடவில்லையென்றால் கசிவைத் தேடுங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றாலும் ஒரு நாளைக்கு 720 லிட்டர்.

ஒப்பந்தத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள். கதவு நிலை மாறும்போது மட்டும் செய்தி அனுப்பும் சென்சார், பேட்டரி செத்த பிறகும் ‘மூடியது’ என்றே திரையில் நிற்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற செய்தி வர வேண்டும், வராவிட்டால் அதுவே எச்சரிக்கையாக வேண்டும். அடித்தளக் கான்கிரீட் வயர்லெஸ் சிக்னலை விழுங்கும், அதனால் பணம் கொடுக்குமுன் வாகனங்கள் நிறைந்திருக்கும் இரவில் சோதனை நடக்க வேண்டும். பதிவுகள் நேரக்குறிப்போடு உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த நாளில் பழைய பதிவும் சேர்ந்து போய்விட்டால், அடுத்த ஆய்வில் காட்ட ஒன்றும் இருக்காது.